பலாமரமும் இசைக்கருவிப் பலகையும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த உடுநுவர, யட்டிநுவர, ஹாரிஸ்பத்துவ முதலிய பகுதிகளில் வீட்டுத்தோட்டம் இல்லாத கமக்காரரைக் காண்பது அரிது. வயலில் நெல்லும் மேட்டு நிலத்தில் மரக்கறியும் பயிரிடுவோர், வீட்டைச் சுற்றிய நிலத்தில் பலா, மகோகனி, கமுகு, கித்துள், மிளகு, கோப்பி ஆகியவற்றைக் கலந்து வளர்த்து வருகின்றனர். விதைநெல்லுக்கோ பசளைக்கோ பணமுடை நேரும்போது இம்மரங்களில் ஒன்று நின்றபடியே விலை பேசப்படுகிறது. வாங்குபவர் மரத்தைச் சுற்றி வந்து ஒரு தொகையைக் கூறுவார். கமக்காரர் அதற்கு இசைவார். அம்மரத்தினுள் என்ன இருந்தது என்பதை விற்றவர் அறிவதில்லை.

நேரிய இழையும் நல்ல பருமனும் உடைய பலாவும் மகோகனியும் வீணை, தம்பூரா, கித்தார் போன்ற நரம்பிசைக் கருவிகளுக்கு உகந்த பலகையைத் தரவல்லவை. அப்பலகையின் தரம், கருவி செய்வோரின் கைக்கு மரம் போய்ச் சேருமுன்னரே, அதாவது வெட்டும்போதும் அரியும்போதும் உலர்த்தும்போதுமே முடிவாகிவிடுகிறது. இம்மூன்றும் நிகழுமிடம் பெரும்பாலும் கமக்காரரின் தோட்டமும் அயலிலுள்ள மர ஆலையுமே. ஆகவே இவற்றைப் பற்றிய அறிவு கமக்காரருக்கு இன்றியமையாதது.

எக்கருவிக்கு எப்பலகை

தென்னிந்திய வீணைக்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்டு வருவது பலாமரமே. தஞ்சாவூரில் வீணை செய்வோர் பண்ருட்டிப் பகுதியிலிருந்து வரும் பலாவை விரும்பி வாங்குவர். குடமும் தண்டியும் குடைந்தெடுக்கப்படும். குடத்தின் வாயை மூடும் மேற்பலகை மெல்லியதாகச் சீவப்படும். ஒரே மரத்துண்டிலிருந்து முழுவதும் குடைந்து செய்யப்படும் வீணைக்கு ஏகாண்ட வீணை என்று பெயர். தஞ்சாவூர் வீணைக்கு இந்தியாவில் 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கித்தாரின் முகப்புப் பலகைக்குக் குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலை மரங்களே பெரிதும் பயன்படுகின்றன. அவை நம் தோட்டங்களில் இல்லை. ஆனால் அதன் முதுகு, பக்கம், கழுத்து ஆகியவற்றுக்கு மகோகனி உலகெங்கும் பெயர்பெற்றது. பலாவும் முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஏற்றது.

இவ்வேலைக்கு முன்னர் மிகுதியாக நாடப்பட்ட ஈட்டி மரத்தின் வணிகம் இப்பொழுது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. ஈட்டி இனங்களில் பெரும்பாலானவை 2017ஆம் ஆண்டு சனவரி முதல் சைற்றீஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019ஆம் ஆண்டு விலக்களிக்கப்பட்டபோதிலும், மரத்துக்கும் பலகைக்கும் கட்டுப்பாடு நீடிக்கிறது. ஆதலின் தோட்டத்தில் வளர்த்த மரங்களைக் கருவி செய்வோர் நாடுவது இயல்பே.

பலகை மெல்லியதாக இருத்தல் ஏன் வேண்டும்? நரம்பு தனித்து அதிருமாயின் அதன் ஒலி சில அடி தூரமே கேட்கும். அவ்வதிர்வைப் பலகை ஏற்றுப் பெருமளவு காற்றை அசைத்தாலன்றி ஒலி பெருகாது. தடித்த பலகை அசையாது. மிக மெலிந்த பலகையோ நரம்புகளின் இழுவிசைக்கு வளைந்து கொடுத்துவிடும். எஃகு நரம்பு கட்டிய கித்தாரில் அவ்விழுவிசை ஏறத்தாழ 70 கிலோகிராம் நிறைக்குச் சமம். எனவே பலகை மெலிந்தும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். கித்தாரின் முதுகு ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரும், சூடான குழாயில் வளைக்கப்படும் பக்கப் பலகை ஏறத்தாழ 2 மில்லிமீற்றரும் கனமுடையவை.

வெட்டுமுன் எண்ண வேண்டியவை

பலா வெறும் மரமன்று. சிங்கள மக்கள் அதனைச் சோற்று மரம் என்று அழைப்பதன் பொருள் பஞ்சகாலத்தை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறை சென்ற ஆதர் வி. டயஸ் என்பார், பின்னர் நாடெங்கும் பலாக் கன்று நடும் இயக்கத்தை நடத்திக் ‘கொஸ் மாமா’ என்று அன்புடன் அழைக்கப்பட்டார். காய்க்கும் மரம் ஆண்டுதோறும் உணவு தரும். பலகையோ ஒரே முறைதான் தரும். நன்கு காய்க்கின்ற மரத்தைப் பலகைக்காக வெட்டுதல் வருவாயும் அன்று, அறிவுடைமையும் அன்று. காய்ப்புக் குறைந்த முதிர்ந்த மரம், வீட்டின்மீது சாயும் ஆபத்துள்ள மரம், காற்றில் வீழ்ந்த மரம் ஆகியவையே இதற்கு உரியவை.

மேலும், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைக் காக்க இயற்றப்பட்டது. தமது சொந்த நிலத்திலுள்ள பலாவாயினும் அனுமதி பெற்ற பின்னரே வெட்டுதல் வேண்டும். அரிமரத்தை வீதிவழியே கொண்டு செல்வதற்கும் தனி அனுமதிப்பத்திரம் தேவைப்படும். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுமாதலால், கோடரியை எடுக்குமுன் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிக. அனுமதியின்றி வெட்டிய மரத்தை நேர்மையான கருவி செய்வோர் வாங்கமாட்டார்.

மரத்தைத் தெரிந்தெடுத்தல்

கருவிப் பலகைக்கு மூன்று இயல்புகள் வேண்டும்: நேரிய இழை, போதிய பருமன், கணுவற்ற அடிமரம்.

இழையை அறிவதற்குப் பட்டையை நோக்குக. பட்டையின் வெடிப்புக்கள் மரத்தைச் சுற்றி முறுக்கிச் சென்றால் உள்ளிழையும் பெரும்பாலும் முறுக்குடையதாகவே இருக்கும். பலாவில் இழைகள் ஒன்றோடொன்று எதிர்த்துப் பின்னிக் கிடப்பதும் உண்டு. அத்தகைய பலகையைச் சீவுளி கிழித்துவிடும். ஐயமிருப்பின், மரத்தை வெட்டிய பின் அடிப்புறத்தில் ஒரு முழ நீளத் துண்டெடுத்துக் கோடரியால் பிளந்து பார்க்க. நேராகப் பிளந்தால் நன்று. திருகிப் பிளந்தால் அதனைக் கதவுக்கும் கட்டிலுக்கும் விட்டுவிடுக.

பருமனைக் கணக்கிடுவது எளிது. கித்தாரின் முதுகு இரு பாதிகளை ஒட்டி அமைக்கப்படுவது. ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ 8 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் வேண்டும். பக்கப் பலகைக்கு 5 அங்குல அகலமும் 32 அங்குல நீளமும் போதும். மரத்தின் நடுச்சோற்றுக்கு 1 அங்குலமும், பட்டைக்கும் வெளிப்புற வெள்ளை மரத்துக்குமாக 2 அங்குலமும் கழித்தால், 8 அங்குல அகலப் பலகை பெற 11 அங்குல ஆரை வேண்டும். அதாவது மரத்தின் சுற்றளவு 5 அடி 9 அங்குலத்துக்குக் குறையலாகாது. இதனிற் சிறிய மரம் பக்கப் பலகைக்குப் பயன்படும்.

அரியும் முறை

மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். ஆதலால் மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து அடுக்கடுக்காக அரிந்த பலகை உலரும்போது ஓடுபோல் வளைகிறது. பூசணிக்காயைக் கீற்றுகளாகப் பிளப்பது போல, நடுவை நோக்கி அரிந்த பலகை வளையாது நிற்கும். கருவிக்கு இதுவே வேண்டும்.

முதலில் தறித்த முண்டத்தை நடுச்சோற்றின் ஊடாக நான்காகப் பிளத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு காற்பகுதியின் இரு தட்டை முகங்களிலும் மாறிமாறிப் பலகை எடுத்தல் வேண்டும். பலகையின் தலைப்புறத்தைப் பார்க்கும்போது வளையக் கோடுகள் மேலும் கீழுமாக நிமிர்ந்து நின்றால் அரிந்த முறை சரி. இம்முறையில் கழிவு சற்று மிகுதி. ஆலையார் வழக்கமாக இவ்வாறு அரிவதில்லை. ஆகவே கமக்காரர் தாமே உடனிருந்து சொல்லி அரிவிப்பது நன்று.

வாளின் கனமும் கவனிக்கத்தக்கது. 4 அங்குலக் கனமுள்ள ஒரு கட்டையை அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு கனமுள்ள பலகைகளாக அரிவதாகக் கொள்வோம். பெரிய வட்டவாள் ஒவ்வொரு வெட்டிலும் கால் அங்குலத்தைத் தூளாக்குமாயின் 9 பலகைகளே கிடைக்கும். மெல்லிய பட்டைவாள் பதினாறில் ஒரு பங்கையே தின்னுமாயின் 16 பலகைகள் கிடைக்கும். வட்டவாள் மட்டுமே உள்ள இடத்தில் மெல்லிய பலகையாக அரியாது, 2 அங்குலக் கட்டைகளாக அரிந்து உலர்த்தி, மேற்கொண்டு அரிவதை வாங்குவோரிடமே விடுவது இலாபம்.

கத்தியால் சீவும் மரத்தகடு இதனின் வேறானது. மரத்தை நீரில் வேகவைத்து, அகன்ற கத்தியால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கனமுடைய தகடாகச் சீவுவர். அல்லது முண்டத்தைச் சுழற்றிச் சுருள்போல் உரித்து ஒட்டுப்பலகை செய்வர். இவற்றில் மரம் தூளாவதில்லை. ஆயினும் கத்தி செல்லும்போது தகட்டின் ஒரு முகத்தில் நுண்ணிய வெடிப்புக்கள் தோன்றக்கூடும். ஆதலின் இத்தகடுகள் அலங்கார ஓரங்களுக்கும், பல தகடுகளை ஒட்டிச் செய்யும் பக்கங்களுக்கும் பயன்படுகின்றன. தனித்து நின்று ஒலிக்க வேண்டிய பலகைக்கு வாளால் அரிந்ததே ஏற்றது. தகடு சீவுவதற்குப் பொறிகள் தேவை. வாளால் அரிவதோ நம் ஊர் ஆலைகளிலேயே இயலும்.

உலர்த்துதல்

வெட்டிய முண்டத்தை வெயிலில் கிடத்துதல் கூடாது. தலைப்புறங்கள் முதலில் உலர்ந்து வெடிக்கும். அவ்வெடிப்பு உள்ளே நீளும். வெட்டிய அன்றே இருபுறத் தலைப்புகளிலும் மெழுகோ தடித்த வர்ணமோ பூசுக. சில நாள்களுக்குள் நான்காகப் பிளந்துவிடுக.

கண்டிப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை மிகுதி. தை இறுதி முதல் பங்குனி வரை காற்று உலர்ந்திருக்கும். தை மாதத்தில் வெட்டி அரிந்தால் பலகை உலர்வதற்கு ஏற்ற காலம் முன்னிற்கும். பெரும்போக அறுவடை தொடங்குமுன் இவ்வேலையை முடித்துக்கொள்ளலாம்.

பலகைகளை மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கூரையின்கீழ், காற்றோடும் இடத்தில் அடுக்குக. ஒவ்வொரு பலகைக்கும் இடையே அரை அங்குலக் கனமுள்ள உலர்ந்த சட்டங்களை ஓரடிக்கு ஒன்றாக இடுக. சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்றல் வேண்டும். தவறினால் பலகை அலைபோல் வளையும். அடுக்கின்மேல் கற்களைப் பாரமாக வைக்க. அடுப்பங்கரைப் பரணில் வைத்து உலர்த்தும் வழக்கம் விதைக்கு நன்று. மெல்லிய பலகைக்குத் தீது. வெப்பம் மிகுந்து மேற்புறம் மட்டும் உலர, பலகை பிளந்துபோகும்.

உலர்ந்ததா என்பதை அறிவது எப்படி? நெல்லைச் சேமிக்க 14 சதவீத ஈரம் என்ற அளவைக் கமக்காரர் அறிவர். மரத்துக்கும் ஈர அளவு உண்டு. ஆனால் கணக்கிடும் முறை வேறு. நெல்லில் மொத்த நிறையில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீர் என்று பார்ப்பர். மரத்திலோ முற்றாக உலர்ந்த மரத்தின் நிறையோடு நீரை ஒப்பிடுவர். 58 கிராம் நிறையுள்ள சிறு துண்டை நிறை மாறாத வரையில் சூடேற்றியபின் 50 கிராம் இருந்தால், போன நீர் 8 கிராம். எட்டை ஐம்பதால் வகுக்க, ஈரம் 16 சதவீதம். கண்டியின் காற்றில் மரம் ஏறத்தாழ 14 முதல் 16 சதவீதத்தில் நின்றுவிடும். சூடேற்றாமல் அறிய வேண்டுமாயின், ஒரு பலகைக்கு அடையாளமிட்டு மாதமொருமுறை நிறுத்து வருக. இரண்டு மாதம் நிறை மாறாதிருந்தால் உலர்ந்தது என்று கொள்ளலாம். மெல்லிய பலகைக்குச் சில மாதங்கள் போதும். தடித்த கட்டைக்கு அங்குலத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. இறுதி உலர்த்தலைக் கருவி செய்வோர் தம் அறையில் தாமே செய்துகொள்வர்.

வெள்ளை மரத்தை முற்றாக நீக்குக. அதிலுள்ள மாச்சத்தை நாடித் துளைவண்டு வரும். அடுக்கின்கீழ் மாப்போன்ற தூள் காணப்பட்டால் அப்பலகையை உடனே விலக்குக.

எஞ்சிய மரமும் அடுத்த மரமும்

ஒரு மரத்தில் கருவிப் பலகைக்கு ஆவது சிறு பங்கே. நேரிய உருண்டைத் துண்டுகள் மிருதங்கம், தவில் ஆகியவற்றின் கட்டைக்கு ஆகும். அவையும் பலாவில் குடைந்தவையே. எஞ்சியது தளபாடத்துக்கு உதவும். பலாவைரத்தின் தூளைக் கொதிக்கவைத்துப் பௌத்த துறவியரின் ஆடைக்கு மஞ்சட் சாயம் எடுத்தது இந்நாட்டின் பழைய வழக்கம். எனவே ஒரு விலைக்கு முழு மரத்தையும் கொடுத்துவிடாது, கருவி செய்வோரிடம் வேண்டிய அளவுகளை முன்னரே கேட்டு, மரத்தைப் பகுதிபகுதியாக விற்பது நன்று. கேட்போர் இல்லாதவிடத்தும் நன்கு அரிந்து உலர்த்திய பலகையைத் தச்சர் விரும்பி வாங்குவர்.

வெட்டிய இடத்துக்கு அண்மையில் இரண்டு கன்றாவது நடுக. காய்க்கென்றால் ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் பலன் தரும். ஆனால் அது தாழக் கிளைக்கும். பலகைக்கென்றால் விதைக்கன்றே ஏற்றது. பலாவிதை சில வாரங்களில் முளைப்பாற்றலை இழந்துவிடுமாதலால், பழத்திலிருந்து எடுத்தவுடன் ஊன்றுக. கீழ்க்கிளைகளைப் பெருவிரல் பருமனாகுமுன் அடியோடு ஒட்ட அறுத்துவிடுக. காலந்தாழ்த்தி அறுத்த கிளை கணுவாக உள்ளே தங்கி, பிற்காலத்தில் பலகையைக் கெடுக்கும். இவ்வாறு பத்தடி உயரத்துக்குக் கிளையின்றி வளர்ந்த மரம், வாழ்நாளெல்லாம் காயும் தந்து, முதிர்ந்தபின் நல்ல பலகையும் தரும்.