தலையணையை எடுங்கள்!

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போன வருஷம் சாமை அறுப்பு சமயத்தில் என் பெரியப்பா நிலத்திலேயே சாய்ந்துவிட்டார். தூக்கி வந்து கயிற்றுக் கட்டிலில் போட்டோம். தலையணை வைத்தோம். வாயில் தண்ணீர் ஊற்றினோம். 108 வண்டி மலை ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சரியாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. ஆனால் நாங்கள் செய்த மூன்றுமே தப்பு என்று பிறகு முதலுதவிப் பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன்.

விழுந்தவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது விட்டு விட்டு ஏங்குகிறார் என்றால் இதயம் நின்றதாகவே கொள்ள வேண்டும். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். நீங்கள் அவரைக் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கட்டிலில் வேண்டாம். நாம் கொடுக்கிற விசையைக் கயிறே வாங்கிக்கொள்ளும், இதயத்துக்குப் போய்ச் சேராது. நடு நெஞ்சில் கைமேல் கை வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும்.

சரி, தலையணை என்ன பாவம் செய்தது? நினைவிழந்தவரின் நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். தலையணை வைத்தால் முகவாய் நெஞ்சுப் பக்கம் மடங்கி அடைப்பு கூடும். ஹோஸ் மடங்கினால் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராது இல்லையா? அதே கதைதான்! ஒரு கையால் நெற்றியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு விரலால் முகவாய் எலும்பை மேலே தூக்குங்கள். வழி திறக்கும். இதன் பலனை 1950-களில் அமெரிக்காவில் பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் சோதித்து நிரூபித்தார்.

பயிற்சி பெற்றவர்கள் 30 அமுக்கலுக்குப் பின் இப்படித் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, 2 முறை வாயில் ஊத வேண்டும். நெஞ்சு உயரவில்லையா? தலையை மறுபடி சரிசெய்யுங்கள். பயிற்சி இல்லாதவர்கள் அமுக்குவதை மட்டும் நிறுத்தாமல் செய்தால் போதும்.

மூச்சு நன்றாக வருகிறது, நினைவு மட்டும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

இன்றைக்கே விடுதி நண்பனைத் தரையில் படுக்க வைத்து நெற்றியையும் முகவாயையும் பிடித்துப் பழகுங்கள். நெஞ்சை மட்டும் அமுக்கிவிடாதீர்கள், அதற்குப் பயிற்சிப் பொம்மை இருக்கிறது! எங்கள் மலைக்கு வண்டி வர நேரமாகும். அதுவரை அந்த உயிர் பக்கத்தில் நிற்பவர் கையில்தான்.