சுரங்கம் வரைந்த நகரம்

பழைய ஊர்கள் பலவும் ஆற்றங்கரையிலோ, கோயிலைச் சுற்றியோ, சந்தை கூடும் இடத்திலோ வளர்ந்தன. கோலார் தங்கவயல் அவ்வாறு வளர்ந்ததன்று. நிலத்தடிப் பொன்னுக்காக அயலார் வகுத்த நகரம் அது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் இங்குக் கால்கொண்டது. சுரங்கத்திற்கு வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இன்று பங்காரப்பேட்டை எனப்படும் பௌரிங்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீர் வந்தது. 1902இல் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. பெங்களூரு நகரம் மின்விளக்கைக் கண்டது 1905இல்தான். எனினும் அம்மின்சாரம் முதலில் தேடி வந்தது மக்களின் இல்லங்களை அன்று. சுரங்க இயந்திரங்களையே ஆகும்.

நகரின் அமைப்பு ஆட்சியின் படிநிலையைக் காட்டியது. ஆங்கிலேய அலுவலர்க்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் கிளப்பும் அமைந்தன. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்க்கோ மூங்கில் தட்டிக் குடில்களும், பின்னர் ‘லைன்’ எனப்படும் நெருக்கமான வரிசை வீடுகளும் கிடைத்தன. அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். நேர்த்தெருக்களுடன் திட்டமிடப்பட்ட கடைவீதி நகரமும் ராபர்ட்சன் என்னும் ஆங்கிலேயப் பிரதிநிதியின் பெயரால் ராபர்ட்சன்பேட்டை ஆயிற்று.

கோரமண்டல் என்னும் பெயரையும் நோக்குங்கள். சோழமண்டலம் என்பதை ஐரோப்பியர் ஒலித்த வடிவமே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. தமிழ்ச்சொல் ஒன்று பிறர் நாவில் உருமாறி, தமிழர் குடியிருப்புக்கே பெயராய் அமைந்தது.

அயலாட்சியின் கட்டடங்களை விடுதலைக்குப்பின் என்செய்வது? கொரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், சியோல் அரண்மனையின் முகப்பை மறைத்துத் தலைமைச் செயலகம் ஒன்றை எழுப்பி, 1926இல் நிறைவு செய்தனர். கொரியர் 1995இல் அதனை இடிக்கத் தொடங்கினர். தங்கவயலுக்கு அவ்வழி பொருந்தாது. இங்குள்ள லைன் வீடுகள் அடிமைநிலையின் சின்னங்கள் மட்டுமல்ல. தலைமுறைகள் பிறந்து வாழ்ந்த இல்லங்களுமாம். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் மக்கள் அவற்றில் வாழ்கின்றனர். பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று உழைத்துத் திரும்புகின்றனர்.

சுரங்கத்திற்காக வகுக்கப்பட்ட ஊரைத் தம் ஊராக ஆக்கிக்கொண்டவர்கள் உழைத்த மக்களே. ஆதலின், அதன் எதிர்காலத்தை வகுக்கும்போது முதலில் கேட்கப்பட வேண்டியது அவர்களின் குரலாகும்.

சொற்பொருள்
கால்கொள்ளுதல் – நிலைபெறத் தொடங்குதல்
படிநிலை – உயர்வு தாழ்வு வரிசை
இருப்புப்பாதை – இரயில் பாதை

சிந்தித்து விடை எழுதுக
1. தங்கவயலின் வீடுகள் அக்கால ஆட்சியின் படிநிலையை எவ்வாறு காட்டின?
2. சியோல் கட்டடத்திற்கும் லைன் வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உம் ஊரில் ஆங்கிலேயர் பெயர் தாங்கிய தெரு அல்லது கட்டடம் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.