கை பழகிய பிறகும் வாத்தியாரிடம் போனவர்

பண்ணைப்புரத்தில் இருந்து சென்னைக்கு வந்த வாலிபர் ஒருவர், 1968-ம் ஆண்டில் தன்ராஜ் மாஸ்டரிடம் இசை கற்கச் சேர்ந்தார். அவர்தான் இளையராஜா.

அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர் அவர். கை ஏற்கனவே பழகி இருந்தது. ஆனாலும் மாணவராக உட்கார்ந்தார். மேல்நாட்டு இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்விலும் தேறினார்.

வாத்தியார் எதற்கு?

கிடாருக்கு 6 தந்திகள். இடது கை விரல் நுனியால் அழுத்த வேண்டும். புதிதாகக் கற்பவரின் விரல் படுத்துவிடும். பக்கத்துத் தந்தியில் பட்டு ஓசை அமுங்கிப் போகும். மணிக்கட்டு மடங்கி வலிக்கும். தவறு எங்கே என்று வாசிப்பவருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்த அனுபவசாலிக்கு உடனே தெரிந்துவிடும். ஊறிப்போன தவறைத் திருத்துவது, புதிதாகக் கற்பதை விடக் கடினம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

வாரம் ஒரு நாள் வாத்தியாரிடம் பாடம் கேட்டாலும் போதும். ஆனால் வீட்டில் தினமும் அரை மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும். ஆறு நாள் தொடாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசித்தால் விரல் புண்ணாவதுதான் மிச்சம்.

இளையராஜாவும் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்தான். பிறர் இசையில் கிடார் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷின் உதவியாளராகக் கன்னடப் படங்களுக்கு உழைத்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். மாஸ்டரிடம் சேர்ந்து அதற்குள் 8 ஆண்டுகள் ஓடி இருந்தன.