பூட்டிய ஆய்வும் திறந்த களஞ்சியமும்

ஆய்வுக் கட்டுரையை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கவும், பதிவிறக்கவும், மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தவும் வழிசெய்வதே திறந்த அணுக்க வெளியீடு. 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை இதை வரையறுத்தது. மறு ஆண்டே வந்த பெர்லின் பிரகடனத்தில் ஐரோப்பிய ஆய்வு நிறுவனங்கள் பல கையொப்பமிட்டன.

இதன் தேவையைப் பீங்கான் பட்டறைகள் உள்ள விருத்தாசலத்திலேயே காணலாம். சூளையிலிருந்து எடுத்த பீங்கானின் மெருகுப்பூச்சில் சில நேரம் மயிரிழை வெடிப்பு விழும். பூச்சும் உள்ளே இருக்கும் மண்ணும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதே காரணம். எந்தக் கலவை இதைத் தடுக்கும் என்பதற்கு உலகெங்கும் ஆய்வுகள் உண்டு. அவற்றுள் பல மக்கள் வரிப்பணத்தில் நடந்தவை. எழுதியவருக்கும் மதிப்பிட்டவருக்கும் ஆய்விதழ்கள் பொதுவாக ஊதியம் தருவதில்லை. ஆயினும் சந்தா கட்டாத அவ்வூர்ப் பட்டறைக்காரருக்கு அவை எட்டுவதில்லை.

மூன்று வழிகள்

பூட்டைத் திறக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வாசகருக்குப் பதில் ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் பெறுவது. ‘நேச்சர்’ இதழ் 2021இல் ஒரு கட்டுரைக்கு நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. மாவட்டக் கல்லூரி ஆசிரியருக்கு அது கனவிலும் எட்டாத தொகை. இரண்டாவது, இரு தரப்பிலும் பணம் கேட்காத ஆய்விதழ். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியின் ‘புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயன்ஸ்’ கட்டுரைகளை அகாதமியின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பீங்கான் ஆய்வுகளும் அவற்றில் உண்டு. மூன்றாவது, வெளியான கட்டுரையின் ஆசிரியர் பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் சேர்ப்பது. இதற்குச் செலவு மிகக் குறைவு. தேடுபொறிகள் களஞ்சியத்தை எளிதில் வாசிப்பதால், தேடுபவர் கண்ணில் கட்டுரை படுகிறது. மேற்கோளாவதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

ஐரோப்பா காட்டிய விதி

களஞ்சியம் அமைப்பது எளிது. அதில் கட்டுரைகளைச் சேர்ப்பிப்பதே கடினம். இதற்குத் தெளிவான விடை கண்டது பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம். அதன் ‘ஓர்பி’ களஞ்சியம் 2008இல் தொடங்கியது. பணி மதிப்பீட்டில் களஞ்சியத்தில் உள்ள கட்டுரைகளை மட்டுமே கணக்கில் கொள்வது என்று அப்போதைய ரெக்டர் பெர்னார் ரான்தியே வகுத்த விதி, பேராசிரியர்களைத் தாமாகவே கட்டுரைகளைச் சேர்க்கவைத்தது. பின்னர் 2018இல் ஐரோப்பிய நிதி அமைப்புகள் ‘பிளான் எஸ்’ திட்டத்தை அறிவித்தன. தம் நிதியில் நடக்கும் ஆய்வு வெளியான உடனே திறந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இந்தியாவில் நடந்தவை

இந்தியாவும் இதில் பிந்தியதல்ல. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஈபிரிண்ட்ஸ்’ மென்பொருளைக் கொண்டு, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002இலேயே நாட்டின் முதல் நிறுவனக் களஞ்சியத்தை அமைத்தது. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இந்த இயக்கத்தின் ஓயாத குரல். அவரது முயற்சியால் 2004இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் களஞ்சியம் அமைக்கும் பயிற்சி நடந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதியால் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் சேர்ந்துவருகின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒன்றிய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தம் நிதியில் எழுந்த கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்கும்படி 2014இல் கொள்கை வகுத்தன.

2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. அரசுக் கல்லூரிகளுக்கு இது பெரும் பேறு. ஆனால் இது முதன்மையாகப் படிப்பதற்கான சந்தா. பட்டறைக்காரரும் விவசாயியும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். நம் ஆய்வாளர் எழுதியதை உலகின் கண்ணில் படவைக்கவும் சந்தா உதவாது.

அதைச் செய்யக்கூடியது களஞ்சியமே. தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் களஞ்சியம் நடத்தி, பதவி உயர்வுக்கு அதில் உள்ள கட்டுரைகளையே கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைக் கட்டாயமாக்கினால், ஆய்வுக்கு வரி கொடுத்தவர்களும் அதன் பயனை அடைவார்கள்.