பத்து நாளில் இட்ட முட்டைகள், ஒரே நாளில் வந்த குஞ்சுகள்

பிள்ளைகளே, முதலில் ஒரு கணக்கு. ஒரு பேட்டுக்கோழி நாளைக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது. இடையில் ஒன்றிரண்டு நாள் அதுவும் இடாது. ஆகவே எட்டு முட்டை சேரப் பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். முட்டை பொரிக்க 21 நாள் ஆகும். அப்படியானால் முதல் முட்டையின் குஞ்சு வெளியே வந்து ஓடித் திரிகிறபோது, கடைசி முட்டையின் குஞ்சு இன்னும் ஓட்டுக்குள்ளேதானே இருக்கவேண்டும்? ஆனால் கோழி அடை வைத்த எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே நாளில், மிஞ்சினால் அடுத்த நாளில் வந்துவிட்டன என்பார்கள்.

கணக்கில் பிழை இல்லை. நாட்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் விஷயம்.

முட்டை வெளியே வருவதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் தாயின் உடலுக்குள் இருக்கிறது. கோழியின் உடல் நம்முடையதைவிடச் சூடானது, சுமார் 41 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடும். முட்டையை இடும்போது மஞ்சள் கருவின் மேல் தெரியும் சிறிய வெள்ளைப் பொட்டில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் இருக்கும். வெளியே வந்ததும் முட்டை ஆறுகிறது, கருவின் வளர்ச்சியும் நின்றுபோகிறது. சாகவில்லை, தூங்குகிறது. குளிர்ந்த அறையில் ஒரு வாரம்வரை இப்படித் தூங்கினாலும் மோசமில்லை. அதற்கு மேல் போகப் போகப் பொரிக்கும் வாய்ப்புக் குறையும். தாய்க்கோழி இது தெரிந்ததுபோலவே நடந்துகொள்ளும். முட்டைகள் சேரும்வரை இட்டுவிட்டு எழுந்து போய்விடும். போதுமானது சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்து அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் எட்டுக் கருவும் ஒன்றாகக் கண் விழிக்கின்றன. நம்முடைய 21 நாள் அங்கேதான் தொடங்குகிறது. பான்டம் எனும் குட்டைக் கோழிகளுக்கு இது ஒன்றிரண்டு நாள் முந்தியும் முடியலாம்.

இதைக் கனடாவில் இருக்கிற பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன், அதிலும் இல்-பிசார் தீவை நினைத்து. மொன்றியல் நகரின் வடமேற்கு மூலையில் ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் தீவு அது. காடும் சதுப்பு நிலமும் இன்னும் மிச்சமிருக்கிற இடம், பின்வளவுகளும் பெரியவை. பக்கத்து ஊரான டொலார்-தே-ஓர்மோவில்தான் நம்முடைய திருமுருகன் கோயில் இருக்கிறது. முருகனின் கொடியில் சேவல் உண்டு. ஆனால் உயிருள்ள சேவலுக்கு நகரத்துப் பின்வளவில் இடமில்லை. மொன்றியலில் கோழி வளர்க்கும் விதி பகுதிக்குப் பகுதி மாறும். பேட்டுக்கோழியை அனுமதிக்கிற பகுதிகளிலும் சேவலைத் தடுத்திருப்பார்கள். சில இடங்களில் 16 வாரம் நிரம்பாத கோழியே வைத்திருக்கக் கூடாது, அதாவது குஞ்சே கூடாது. ஆகையால் அடை வைக்க முட்டை வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி அலுவலகத்தில் அப்பா அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். விதி இடம் கொடுக்காவிட்டால் பண்ணை வைத்திருக்கும் தெரிந்தவர் வீட்டில் பார்க்கலாம்.

சேவல் இல்லாவிட்டாலும் கோழி முட்டை இடும். அந்த முட்டையில் கரு இராது. ஆனால் கோழிக்கு அது தெரியாது. கருவில்லாத முட்டையின் மேல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். முட்டையையே எடுத்துவிட்டுக் கோல்ஃப் பந்தை வைத்தாலும் உட்காரும்! றோயல் மொன்றியல் கோல்ஃப் கழகம் 1959 முதல் இல்-பிசாரில்தான் இருக்கிறது. 2024இல் பிரெசிடென்ட்ஸ் கிண்ணப் போட்டி அங்கே நடந்தது. ஆகவே அந்தத் தீவில் பந்துக்குப் பஞ்சம் வராது. உருண்டையாக, வழுவழுப்பாக, வயிற்றுக்கு இதமாக இருக்கவேண்டும். கோழி பார்ப்பது அவ்வளவுதான். இதைக் கோழியின் முட்டாள்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டில் கூட்டுக்குள் கோல்ஃப் பந்து வந்து விழுந்ததே இல்லை. வராத ஒன்றுக்காகக் கோழி எதற்குக் கண்ணைத் தீட்டி வைத்திருக்கவேண்டும்? நமக்கோ இது வசதி. பண்ணையிலிருந்து கருவுள்ள முட்டை வந்து சேரும்வரை பந்துகளை வைத்தே அடைக்கோழியை இருத்தி வைக்கலாம்.

கோழி அடைக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இரவிலும் கூட்டை விட்டு எழும்பாது. கையைக் கொண்டுபோனால் இறகை எல்லாம் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கொத்தும். வழக்கமான கொக்கரிப்புப் போய், அடித் தொண்டையில் குளக் குளக் என்று ஒரு சத்தம் வரும். இதற்கெல்லாம் காரணம் அதன் இரத்தத்தில் கூடியிருக்கும் புரோலாக்டின் என்ற சுரப்பு. மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதே பெயருள்ள சுரப்புத்தான். கோழிக்குப் பாலில்லை, அதற்குப் பதில் முட்டையிடுவதை நிறுத்தி உட்கார வைக்கிறது. கோழியை மெல்லத் தூக்கி வயிற்றுப் பக்கம் பாருங்கள். நெஞ்சில் இறகு கொட்டி வெறும் தோல் தெரியும், தொட்டால் சுடும். இறகு சூட்டைத் தடுத்துவிடும் அல்லவா? அதனால் முட்டை நேரே தோலில் படுவதற்கு இந்த ஏற்பாடு.

எல்லாக் கோழிக்கும் இந்த அடைக்குணம் இல்லை. முட்டைப் பண்ணைகளில் வளரும் லெகார்ன் போன்ற இனங்களில் அது அநேகமாக அற்றுப்போய்விட்டது. அடையிலிருக்கும் கோழி முட்டையிடாது என்பதால், அடைக்கு வராத கோழிகளையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். பான்டம் வகைகள் பலவற்றில், சில்க்கி போன்றவற்றில், அது இன்னும் உரமாகவே இருக்கிறது. ஒரு கிலோகூட வராத குட்டைக் கோழி ஊர்ப்பட்ட முட்டைகளையும் அடைகாக்கத் தயார். ஆனால் ஆசைப்பட்டு அதிகம் வைத்துவிடாதீர்கள். அதன் சொந்த முட்டை என்றால் ஆறு முதல் எட்டு, பெரிய கோழியின் முட்டை என்றால் நாலைந்து. வயிற்றுக்கு வெளியே ஒரு முட்டை நீண்டால் இன்று அது குளிரும், புரட்டும்போது நாளை வேறொன்று வெளியே போகும். கடைசியில் எல்லாமே பழுதாகும்.

புரட்டுவது ஏன்? நாள் முழுவதும் கோழி அலகால் முட்டைகளை உருட்டி, ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். சூடு சமமாகப் பரவ மட்டுமல்ல, கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிப்போகாமல் இருக்கவும் இது தேவை. பொரிப்பு இயந்திரங்கள் 37.5 பாகையில் செய்யும் வேலை முழுவதையும் அது வெப்பமானி இல்லாமல் செய்கிறது.

அப்படியானால் நம் உதவி என்ன? பெரும்பாலும் தள்ளி நிற்பதுதான். மற்றக் கோழிகள் வராத, இருட்டான ஒரு மூலையில் வைக்கோல் பரப்பிய பெட்டி. எழும்பி நடந்துபோய்த் தின்னும் தூரத்தில் தீனியும் தண்ணீரும். இரவில் ரக்கூனும் நரியும் கைவைக்க முடியாத கதவு. அடைக்கோழி நாளைக்கு ஒருமுறை எழும்பி, தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, மூக்கைப் பொத்த வைக்கும் ஒரு பெரிய எச்சத்தைப் போட்டுவிட்டு, கால்மணி நேரத்தில் திரும்பிவிடும். அதற்குள் முட்டை கெட்டுப்போகாது. எழும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கோழியை நீங்களே தூக்கிவிட வேண்டும். தூக்கும்போது சிறகுக்கடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் தூக்குங்கள். கோழிப்பேன் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

இன்னொரு வேலை முக்கியமானது. வைத்த முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். வேறு கோழி இடையில் வந்து அதே கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். அந்தப் புது முட்டையின் நாட்கணக்கு வேறு. முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் எழும்பி நடந்துவிடும், பிந்திய முட்டை பாதி வளர்ந்த கருவோடு குளிர்ந்துபோகும். ஆகவே வட்டம் இல்லாத முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள்.

ஊரில் அடைக்கூடைக்குள் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைப்பார்கள், இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்ற பயத்தில். இரும்பு இடியைத் தடுக்காது. ஆனாலும் அதைப் போடப் போகிற சாட்டில் கூடையை யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள், அது நல்லதுதான்.

ஏழாம் நாள் இரவு, ஒரு முட்டையை எடுத்துக் கைபேசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரு வளர்ந்திருந்தால் ஓட்டுக்குள் ஒரு சிவப்புச் சிலந்தி கால்களை விரித்திருப்பதுபோல இரத்தக் குழாய்கள் தெரியும். ஒன்றுமே தெரியாமல் வெளிச்சம் ஊடுருவிப் போனால் அது வெறும் முட்டை. 2300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் முட்டைகளை ஒவ்வொரு நாளாக உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்ததும் ஓர் இரத்தப் பொட்டுத் துடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். அது குஞ்சின் இதயம். நமக்கு வெளிச்சம் இருப்பதால் உடைக்கவேண்டியதில்லை.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கையே வைக்காதீர்கள். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. குஞ்சு முதலில் அதற்குள் அலகை நுழைத்து, வாழ்க்கையில் முதல் மூச்சை ஓட்டுக்குள்ளேயே எடுக்கிறது. அப்போதே கீச்சிடும். காதை வைத்தால் கேட்கும், தாய் குளக் குளக் என்று பதில் சொல்வதும் கேட்கும். அலகு நுனியில் வெள்ளையாக ஒரு முள் இருக்கும். அதனால்தான் ஓட்டில் முதல் விரிசல் விழுகிறது. பொரித்துச் சில நாளில் அந்த முள் உதிர்ந்துவிடும். விரிசல் விழுந்த பிறகு ஒரு நாள்வரை ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பாவம் என்று ஓட்டை உரித்துவிட இங்கேதான் கை துறுதுறுக்கும். உரிக்காதீர்கள்! உட்சவ்வின் குழாய்களில் இன்னும் இரத்தம் ஓடுகிறது. அது குஞ்சின் உடலுக்குள் போய்ச் சேரவேண்டும். மீதி மஞ்சள் கருவும் அதன் வயிற்றுக்குள் இழுபட்டு முடியவேண்டும். அந்த மஞ்சள் கருதான் கட்டுச்சோறு. அதை வைத்துக் குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலே தாங்கும். அதனால்தான் முதலில் வந்தவை பட்டினி கிடக்காமல், பிந்தி வருபவற்றுக்காகத் தாயின் சிறகுக்கடியில் காத்திருக்க முடிகிறது.

பொரித்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. முதல் வாரம் சுமார் 35 பாகை வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். தாய் இருந்தால் இந்தக் கணக்கே உங்களுக்கு வேண்டாம். குஞ்சுகள் குளிர்ந்தால் உள்ளே போகும், சூடேறினால் வெளியே வரும். தாய் இல்லாவிட்டால் சூட்டுத் தகடு வைக்கலாம். தொங்கும் விளக்கு வைக்கோலில் விழுந்து தீப்பிடிக்கக் கூடியது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், பான்டம் குஞ்சு ஒரு விரல் ஆழத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். தீனி குஞ்சுத் தீனியாகவே இருக்கட்டும், தாயும் அதையே தின்னலாம். முட்டைக்கோழித் தீனியில் ஓட்டுக்காகச் சேர்த்த சுண்ணச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டை கிடைக்காதவர்கள் கடையில் ஒருநாள் குஞ்சு வாங்கி, மூன்று வாரமாக அடையிருக்கும் கோழியின் கீழே இரவில் வைத்துவிடுவதுண்டு. விடிந்ததும் கோழி அவற்றைத் தன்னுடையவை என்றே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளாமல் கொத்தும் கோழியும் உண்டு, ஆகவே காலையில் நேரத்தோடு எழும்பிப் பாருங்கள். குஞ்சுகள் பக்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1870களில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர், பொரித்தவுடன் குஞ்சுகளின் கண்ணை மூடிவைத்துப் பிறகு திறந்துவிட்டார். அவை ஓடும் பூச்சியைக் குறி தப்பாமல் கொத்தின. முதலில் கண்ட அசையும் உருவத்தின் பின்னாலேயே போயின. கொத்துவது பிறப்பிலேயே வருகிறது. யார் பின்னால் போவது என்பதைக் குஞ்சு முதல் ஓரிரு நாளில் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த நாளைக் கோழிக்கு விட்டுவிடுங்கள், உங்கள் பின்னால் வர வைக்காதீர்கள்.

இல்-பிசாரில் எப்போது அடை வைப்பது? ஏப்ரல் கடைசியில், அல்லது மே மாதத்தில். சனவரி இரவுகளில் அங்கே சராசரியாகச் சுழியத்துக்குக் கீழே 14 பாகை. உடல் சிறிதாக இருந்தால் சூடு வேகமாக வெளியேறும். அதனால் பெரிய கோழி தாங்கும் குளிரைப் பான்டம் தாங்காது. பனி வருவதற்கு முன் குஞ்சுகளுக்கு முழு இறகு முளைத்திருக்கவேண்டும். கொண்டையும் தாடையும் பெரிதாக உள்ள கோழிக்கு அவை உறைந்து கருகிப்போகும். தீவை ஒட்டிய ஏரியின் வடகரையில் உள்ள ஓக்கா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் ஷாத்தலேன் இதற்காகவே பல இனங்களைக் கலந்து, கொண்டையும் தாடையும் மிகச் சிறியதான சான்ட்கிளேர் என்ற கோழியை உருவாக்கினார். 1918இல் அதை வெளி உலகத்துக்குக் காட்டினார். கியூபெக் 1999இல் அதைத் தன் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. கனடாவின் குளிருக்கு ஏற்ற கோழி வேண்டுமென்றால் அதைத்தான் கேட்கவேண்டும்.

தீவின் சதுப்பு நிலத்துக்குக் காட்டு வாத்துகள் வந்து போகும். பறவைக் காய்ச்சல் அவற்றோடு வரக்கூடும். கோழியின் தீனியும் தண்ணீரும் அவை வாய்வைக்க முடியாத இடத்தில் இருக்கட்டும். குஞ்சைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது, எவ்வளவு பஞ்சாக இருந்தாலும்.

கடைசியாக ஒன்று. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல். எட்டில் நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள், சில வேளை ஆறாகவும் இருக்கும். பான்டம் குஞ்சில் எது சேவல் என்று முதல் வாரங்களில் சொல்வது கடினம். இரண்டு மூன்று மாதத்தில் அவையே கூவிச் சொல்லிவிடும், அதுவும் விடியற்காலையில், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. ஆகவே முட்டை வாங்கும் அன்றைக்கே பண்ணைக்காரரிடம் கேட்டு வையுங்கள்: சேவல் வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? மாட்டேன் என்றால் வேறு பண்ணை பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இந்த முறை முட்டை வைக்கவேண்டாம். கோல்ஃப் பந்துகளையும் எடுத்துவிட்டு, கோழியைக் கம்பித்தளம் போட்ட கூட்டில் தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விடுங்கள். கீழிருந்து காற்றுப் பட்டு வயிறு குளிர்ந்தால் அடைக்குணம் இறங்கி, கோழி பழையபடி முட்டையிடத் தொடங்கும்.