சரக்கின் பெயரில் கவனம் தேவை



கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகளிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்டு வேலை பார்ப்போர் பலர் நேரம் தவறித்தான் சாப்பிடுகிறார்கள். வயிறு மந்தம், பசியின்மை, அசதி என்று அவர்கள் முதலில் வந்து நிற்பது நம் கடை வாசலில். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் கேட்டவர்கள் போக, இப்போது ‘சீன மூலிகை ஜின்செங் இருக்கிறதா?’ என்று கேட்பவர்களும் வருகிறார்கள்.

சீன வைத்தியம் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. செரிமானம் குன்றினால் உடல் வலுவும் குன்றும் என்பது அவர்கள் கணக்கு. நம் வைத்தியர்கள் ‘அக்கினி மந்தம்’ என்பதும் ஏறக்குறைய அதுவே. சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் அங்கும் மருந்துச் சரக்குகள்தான். பசியின்மைக்கும் சோர்வுக்கும் அவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் நான்கு சரக்குக் கஷாயத்தில் ஜின்செங்குடன் அதிமதுரமும் சேர்கிறது.

ஆனால், அதே சீன மூலிகையில் நடந்த ஒரு விபரீதத்தை மருந்துச் சரக்கு விற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்க வந்த பெண்களுக்கு ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கலந்த மருந்து கொடுத்தார்கள். அதில் சேர வேண்டியது ‘ஹான் ஃபாங் சி’ என்ற வேர். பெயர் ஒற்றுமையால் சேர்ந்ததோ ‘குவாங் ஃபாங் சி’ என்ற வேறு செடியின் வேர். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டியதாயிற்று. 1993இல் மருத்துவர்கள் இதை வெளியிட்ட பிறகே உலகம் விழித்துக்கொண்டது.

அந்த வேரில் இருந்த நஞ்சு அரிஸ்டோலோகிக் அமிலம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் உள்ள ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனத்துச் செடிகளே. கேட்டவர்க்கெல்லாம் நிறுத்துக் கொடுக்கக்கூடிய சரக்கு அல்ல அவை.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. சென்னை ராசப்பச் செட்டித் தெருவிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்ததும் சரக்கின் பெயர், வந்த தேதி, கொடுத்தவர் விவரம் எழுதிய சீட்டை டப்பாவில் ஒட்டுங்கள்.

2. ஒரே பெயரில் இரு சரக்கு இருந்தால் தனித்தனியே வையுங்கள். ‘பட்டை’ என்பதில் மெல்லிய அடுக்குகளாய்ச் சுருண்ட இலங்கைப் பட்டை வேறு, தடித்த சீனப் பட்டை வேறு. பின்னதில் கூமரின் அதிகம். நாள்தோறும் மிகுதியாகச் சாப்பிட்டால் ஈரலுக்குக் கேடு.

3. மிளகைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும்.

4. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகம் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

5. நாமே பொடி அரைத்து, மருந்து என்று லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. அதற்கு 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி தயாரிப்பு உரிமம் தேவை.

6. பசியின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ டாக்டரிடம் அனுப்புங்கள்.

கேட்ட சரக்கு இல்லையென்றால், அதைப் போலிருக்கும் இன்னொன்றைக் கட்டிக் கொடுக்காமல் ‘இல்லை’ என்றே சொல்லி அனுப்புவோம். பத்து ரூபாய் வியாபாரம் போனாலும், நம்மை நம்பி வந்த தொழிலாளியின் உடம்பு கெடாது. நம் கடையின் பெயரும் கெடாது.