டேட்டாபேஸ் கற்க எந்தப் புத்தகம்?

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு லைப்ரரி கணக்கு எடுத்தாலும் சரி, ஸ்டோர்ஸ் கணக்கு எடுத்தாலும் சரி, டேட்டாபேஸ் இல்லாமல் வேலை நடக்காது. "என்ன புக் வாங்கலாம்?"னு கேட்டால் சீனியர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நம் கையில் இருப்பதோ ஒரு புத்தகத்துக்கான காசு. அது வீணாகாமல் இருக்கச் சில யோசனைகள்.

தியரியா? செய்முறையா?

தகவல்களை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையை 1970-ல் எடுத்துச் சொன்னவர் ஐ.பி.எம்.மில் பணியாற்றிய காட். அந்தத் தியரியை ஆழமாக விளக்குபவை டேட் எழுதிய புத்தகமும், சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்' புத்தகமும். ரெண்டுமே கனமானவை. லைப்ரரியில் எடுத்துத் தேவையான பாடத்தை மட்டும் படித்தால் போதும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியது, டைப் செய்து பழக உதவும் புத்தகம். ஆலன் பியூலியூ எழுதிய 'லேர்னிங் எஸ்.க்யூ.எல்.' (மூன்றாம் பதிப்பு, 2020) நல்ல தேர்வு. மை எஸ்.க்யூ.எல்.லில் போட்டுப் பார்க்கலாம். பயிற்சிகளுக்கு விடையும் உண்டு. சின்னச் சின்னப் பாடமாக வேண்டும் என்பவர்களுக்கு பென் ஃபோர்ட்டாவின் 'எஸ்.க்யூ.எல். இன் 10 மினிட்ஸ்'.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

1. எந்த சாஃப்ட்வேருக்கான புத்தகம்? எஸ்.க்யூ.எல்.லுக்கு 1986-லேயே ஸ்டாண்டர்டு வந்துவிட்டது. ஆனாலும் முதல் பத்து வரிசைகளை எடுக்க மை எஸ்.க்யூ.எல்.லில் 'லிமிட்', எஸ்.க்யூ.எல். சர்வரில் 'டாப்'. உங்கள் லேபில் இருப்பதற்கு ஏற்றதை வாங்குங்கள்.

2. எந்த வருஷத்துப் பதிப்பு? பழைய பி.எச்.பி. புத்தகங்களில் வரும் 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' கட்டளை 2015-ல் வந்த பி.எச்.பி. 7-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது நஷ்டம்தான்.

3. 'நல்' என்னும் வெற்று மதிப்பு பற்றிய பக்கத்தைப் புரட்டுங்கள். பரீட்சை எழுதாதவரின் மார்க் காலியாக இருக்கும். அதை 'மார்க் = நல்' என்று தேடினால் ஒரு வரிசைகூட வராது; 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும். நல்ல ஆசிரியர் இந்த இடத்தில் நிறுத்தி எச்சரிப்பார்.

4. இதுதான் மிக முக்கியம். யூசர் டைப் செய்யும் பெயரை அப்படியே க்வெரியோடு ஒட்டச் சொல்கிறதா? வைத்துவிட்டு வாருங்கள்! விஷமி ஒருவன் பெயருக்குப் பதில் கட்டளையையே டைப் செய்து டேபிளை அழித்துவிட முடியும். கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாக அனுப்பும் 'பாராமீட்டர்' முறையைச் சொல்லும் புத்தகமே சரி.

வாங்கிய பிறகு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். எஸ்.க்யூ.லைட் இலவசம், சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும். ஒவ்வொரு உதாரணத்தையும் போட்டுப் பாருங்க, மாற்றிப் பாருங்க. இன்டர்வியூவில் ரெண்டு டேபிளை 'ஜாயின்' செய்யச் சொன்னால் கை தானாக எழுத வேண்டும். அதுவரை பழகினால்தான் கொடுத்த காசுக்குப் பலன்!